மொட்டை மரத்தம்மா

நகராட்சி அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது என் வேலை. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, நாய் துரத்துகிறது என்று ஊரே என்னிடம்தான் கத்தும். அதில் எனக்கு வருத்தமில்லை. கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். மரத்தைப் பற்றிப் புகார் வந்தால் மட்டும் சுருக்கென்று இருக்கும். அந்த மரங்களை நட்டவள் என் கூடப்பிறந்த அக்கா.

"ஹலோ, எங்க வீட்டு வாசல்ல ஒரு புதர் வெச்சிருக்கீங்க. கிட்ட போனாலே ஆட்டு வாடை அடிக்குதுங்க."

"அது இலையோட வாசனைங்க. செடி நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"செடி நல்லா இருக்கு. நாங்க எப்படி இருக்கிறது?"

இதற்குப் பதில் அக்காவிடம் உண்டு. சாயங்காலம் கேட்டால், "ஆட்டு வாடை அடிக்கிறதால ஆடு மாடு தின்னாது, பூச்சி ஒண்டாது, போறவன் வர்றவன் கிளைய ஒடிக்க மாட்டான். தெருவுல பொழைக்கிறதுக்கு அதுக்கு வேற என்ன தகுதி வேணும்?" என்பாள். அந்த வீட்டுக்காரர் எப்படிப் பிழைப்பது என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

அக்கா நகராட்சியின் மர அதிகாரி. ஊர் வைத்த பெயர் மொட்டை மரத்தம்மா. யாரும் பார்த்திராத மரங்களாகத் தேடிப்பிடித்து நடுவாள். அவற்றில் பாதி வருடத்தில் பாதி நாள் ஓர் இலைகூட இல்லாமல் நிற்கும். போகிற போக்கில் ஜனங்கள் ஏறிட்டுப் பார்த்து, "செத்த மரத்தை நட்டுட்டுப் போயிருக்கா பாரு" என்பார்கள். அந்தப் பெயரை அவள் காதுபடவே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "மொட்டைன்னா முடி வரும்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

அவளுடைய நர்சரி வண்டி நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கம் உடைந்த பூங்கா பெஞ்சுகள், இன்னொரு பக்கம் சாக்கடை மூடிகள். நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில் பெயிண்ட் டப்பாவிலும் வெடித்த வாளியிலும் லாரி டயரிலும் செடிகள். கிளையை விட்டுவிட்டு அடிமரத்தில் பூக்கிற மரம் ஒன்று. வெயிலில் உரிந்த தோல் மாதிரிப் பட்டை உரிந்துகொண்டே இருக்கிற மரம் ஒன்று. மதியம் ஆனால் இலையை மடித்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்கிற குத்துச்செடிகள் ஒரு வரிசை. காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதையைச் சுவர்வரைக்கும் வீசுகிற மரமும் உண்டு. அது முதல்முறை வெடித்தபோது காவலாளி துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு எனக்குப் போன் செய்தார்.

இதெல்லாம் வேடிக்கைக்காக அவள் செய்யவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்டேஷனுக்குப் போகிற பெரிய சாலை முழுக்க ஒரே வகை மரம். கூடாரம் போட்ட மாதிரி நிழல். ஒரு வண்டு வந்தது. ஒரு மரத்தில் ஏறியது எல்லா மரத்திலும் ஏறியது, அடுத்த கோடைக்குள் சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெட்டவேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு ரம்பச் சத்தத்தின் நடுவே நின்றவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: இந்த ஊரில் இனி பக்கத்துப் பக்கத்தில் ஒரே சாதி மரம் நிற்காது. அதற்குப் பிறகு யார் தலைகீழாக நின்றாலும் அவள் மாறவில்லை.

கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. எங்கள் அம்மா சொல்லாத சொல் இல்லை, அனுப்பாத ஆள் இல்லை. "என்னைச் சும்மா விடுங்களேன்" என்பதுதான் அக்காவின் ஒரே பதில். என் வீட்டுக்காரர் வேறு, "உங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறதா இருந்தா, வருஷத்துல ஆறு மாசம் இலை உதிர்க்கிறவனா பாரு" என்பார். அக்கா இதைக் கேட்டு அவரைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

நான் சொல்ல வந்தது தையல்காரர் தெரு மரத்தின் கதை. அக்காவின் நர்சரி போனது அந்த மரத்தால்தான்.

அது பாட்டில் வடிவ மரம். அடிமரம் கீழே உப்பி, மேலே குறுகி, உச்சியில் கொஞ்சம் கிளை. வயிற்றுக்குள் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். மரம் வெட்டும் ஆட்கள் அதற்குத் தொப்பை மரம் என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஊரில் அங்கங்கே அக்கா நட்ட தொப்பை மரங்களில் மூத்தது இதுதான். வெயில் ஏற ஆரம்பித்ததும் இலையெல்லாம் கொட்டிவிட்டு, மழை வருகிறவரை விறகுக் கட்டை மாதிரி நிற்கும்.

அந்த வருடம் கோடை நீண்டுகொண்டே போனது. மரத்துக்கு நேர் எதிரே கடை வைத்திருந்த தையல்காரர் எனக்குத் தினமும் போன் செய்தார். "அம்மா, மரம் செத்துப்போச்சு. கிளை என் போர்டு மேல விழுந்தா யாரு பொறுப்பு? ஆள் அனுப்புறீங்களா, நானே வெட்டட்டுமா?" நான் பதிந்து அனுப்பினேன். புகார் எங்கள் துறைத் தலைவர் மேசைக்குப் போனது. அவர் ரொம்ப நாளாக அக்காவின் நர்சரி நிலத்தில் கண் வைத்திருந்தார். குப்பை லாரிகளை நிறுத்த இடம் போதவில்லை என்பது அவருடைய கவலை. அது பொய்க்கவலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லாரி நிறுத்த ஊரில் வேறு இடமே இல்லையா என்று இன்றைக்கும் கேட்பேன்.

தலைவரே நேரில் வந்தார். அக்காவும் வந்தாள். புகார் பதிந்தவள் என்கிற முறையில் நானும் போனேன். தெருவே வேடிக்கை பார்க்க வெளியே வந்துவிட்டது. தையல்காரர் கழுத்தில் இஞ்சு டேப்போடு, பக்கத்து முடிதிருத்துகிறவர் கையில் சீப்போடு, சாவி செய்கிறவர், ஸ்டேஷனரி கடைக்கார அம்மா, எல்லாரும்.

"இது உயிரோட இருக்குன்னு சொல்றீங்களா மேடம்?" என்றார் தலைவர்.

அக்கா பாக்கெட் கத்தியை எடுத்துப் பட்டையில் நகத்தளவு சுரண்டினாள். உள்ளே பச்சை. தையல்காரரின் கையைப் பிடித்து இழுத்து அவர் விரலை அதன்மேல் வைத்தாள். "ஈரமா இருக்கா? செத்ததுக்கு ஈரம் ஏது? தூங்குது. மழை வந்தா எந்திரிக்கும்."

தையல்காரர் விரலை எடுக்கவே இல்லை. "ஆமாங்க, ஜில்லுன்னு இருக்கு" என்றார். அவர் குரலே மாறிப்போயிருந்தது.

தலைவர் விடுவதாக இல்லை. "சரி. மழை வந்தும் துளிர்க்கலேன்னா? இந்த மாதிரி மரத்தை வளர்க்கிறதுக்குன்னு ஒரு நர்சரி எதுக்கு மேடம்? மூடிடலாமா?"

நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கையை உதறினாள். "மூடிக்கோங்க. மரத்தையும் நானே வெட்டுறேன். துளிர்த்தா? இனி அந்த நிலத்தைப் பத்தி நீங்க வாயே திறக்கக்கூடாது."

அவர் தலையாட்டினார். தெரு மொத்தமும் சாட்சி. அக்காவுக்கு வாய் மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. ஆனால் மரத்தைப் பற்றி அவள் சொன்னது தப்பில்லை. அன்றைக்கு அது உயிரோடுதான் இருந்தது.

அவள் நர்சரியில் ஒரு வழக்கம். இலை உதிர்த்துத் தூங்குகிற செடிக்குச் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். தண்ணீர் ஊற்றுகிற ஆள் சிவப்புத் துணியைப் பார்த்தால் குழாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட வேண்டும். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, ஊற்றினால் வேர் அழுகும். அன்றைக்கு அக்கா தையல்காரரிடமே ஒரு சிவப்புத் துண்டு வாங்கி மரத்தின் வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். "இது இருக்கிறவரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது. தண்ணி ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. புரியுதா? சும்மா விடணும்." எல்லாரும் புரிந்தது என்றார்கள்.

தையல்காரரின் போன் நின்றுபோனது. நான்கூட அதை நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை வந்தது. நூலகத்துக்கு முன்னால் இருந்த தொப்பை மரம் முதலில் துளிர்த்தது. பிறகு பேருந்து நிலையத்து மரம். பிறகு ஆஸ்பத்திரி வாசல் மரம். அக்கா தினமும் காலையில் தையல்காரர் தெருவுக்குப் போய்விட்டுத்தான் அலுவலகம் வருவாள். வந்ததும் என் மேசையைத் தாண்டிப் போகும்போது தலையை மட்டும் ஆட்டுவாள், இன்னும் இல்லை என்று. அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பார்க்க எனக்குப் போன் எடுக்கவே கை வரவில்லை.

ஒருநாள் மதியம் அவளே என்னைக் கூப்பிட்டாள். "வா, கொஞ்சம் கூட வா" என்றாள். அவள் அப்படிக் கூப்பிடுகிற ஆள் இல்லை.

மரத்தடியில் போய் நின்றோம். சிவப்புத் துணிக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது, புளித்த வாடை அடித்தது. அவள் விரலைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு தண்ணி ஊத்தினது?" என்றாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

 தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "நான்தான் மேடம். தினமும் இல்ல... தினமும்தான். ஒரு சொம்பு. நீங்க உயிரோட இருக்குன்னு சொன்னீங்க. கையில ஈரம் பட்டுச்சு. அந்த வெயில்ல அதைப் பார்த்துக்கிட்டே நான் மட்டும் தண்ணி குடிக்க மனசு வரல."

"நீங்களுமா?" என்றார் முடிதிருத்துகிறவர், வாயைப் பிளந்துகொண்டு. "நான் கடை சாத்தும்போது ஒரு மக் தண்ணி ஊத்துவேனே."

சாவி செய்கிறவர் தலையைச் சொறிந்தார். ஸ்டேஷனரி கடைக்கார அம்மா, "காலையில வாசல் கழுவுற தண்ணி, வீணாப் போகுதேன்னு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். ஒருவருக்கும் மற்றவர் ஊற்றியது தெரியாது. ஆளாளுக்கு, நாம் மட்டும்தான் திருட்டுத்தனமாக அதைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். போதாததற்கு, போன வருடம் நடைபாதை போட்ட ஆட்கள் மரத்தைச் சுற்றிக் குழிக்குள்ளும் தொட்டி மாதிரிச் சிமெண்டைப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். ஊற்றிய தண்ணீர் வெளியே போக வழியே இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சும்மா விடுங்கன்னு சொன்னாங்கல்ல! சும்மா விடுறது அவ்ளோ கஷ்டமா?" என்று நான்தான் கத்தினேன். ஆனால் கத்தும்போதே தெரிந்தது, கஷ்டம்தான். சும்மா விடுவதையும் ஓர் அக்கறையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அக்காவின் கல்யாணப் பேச்சில் எங்கள் அம்மா எடுத்துக்கொண்டாளா?

திரும்பி வரும் வழியில் நான் சொன்னேன், "அக்கா, சிமெண்ட் போட்டவங்க மேல பழியைப் போடு. பாதி நிஜம்தானே. தலைவர் பேச முடியாது."

"நான் துளிர்க்கும்னு சொன்னேன். துளிர்க்கல. வாய் கொடுத்தது நான். பேசாம வாடீ" என்றாள்.

மறுநாள் அவளே வெட்டினாள். ஆட்களைத் தொடவிடவில்லை. கைரம்பத்தை வைத்து இழுக்க இழுக்கக் கட்டை பஞ்சு மாதிரி நசுங்கி, உள்ளே இருந்து தண்ணீர் கொட்டியது. தையல்காரர் கடைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. மிஷின் சத்தமும் கேட்கவில்லை. நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. அக்காவின் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மூச்சு மட்டும் இரைத்தது.

தலைவர் வந்து, "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு மேடம்" என்றார்.

"உங்க வருத்தத்தை நீங்களே வெச்சுக்கோங்க சார். வண்டியில கடப்பாரை இருந்தா குடுங்க."

வாங்கிய கடப்பாரையால் குழிக்குள் இருந்த சிமெண்டை உடைக்க ஆரம்பித்தாள். "நடைபாதையை உடைக்க அனுமதி வாங்கணும்" என்றார் தலைவர். "மூடுறதுக்கு யாரு அனுமதி வாங்கினாங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் அடுத்த அடியைப் போட்டாள். அவர் வண்டியில் ஏறிவிட்டார். குழியை அடிவரை தோண்டி அழுகின வேரை வாரி எடுத்து, ஜல்லியும் மணலும் போட்டு நிரப்பிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனாள்.

நர்சரியை மூடச்சொல்லி ஆணை வந்தது. நிலத்தைக் காலி செய்ய வேண்டும், செடிகளை அகற்ற வேண்டும் என்று. லாரியில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்டுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா என் மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"நர்சரிய மூடிக்கோங்கன்னு சொன்னேன். செடியைச் சாகடிச்சுக்கோங்கன்னு சொன்னேனா?"

"சொல்லல."

"மரத்தைப் பத்திப் புகார் சொன்னவங்க நம்பரெல்லாம் உங்கிட்ட இருக்கும்ல?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வேலைக் காலத்தில் அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாகப் போன் பேசியதே இல்லை. "வணக்கம். நகராட்சியிலிருந்து பேசுறேன். எங்க மரத்தைப் பத்திப் புகார் சொல்லியிருந்தீங்க. அதுக்கு ஒரு தீர்வு இருக்கு. நேர்ல வர முடியுமா?" வந்தார்கள். திட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு, உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஆட்டு வாடைப் புதர் வீட்டுக்காரர், "வாடை இல்லாதது ஏதாவது குடுப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நர்சரி வாசலில் ஒரு காலுடைந்த பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "செடியை வாங்கிட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?"

"கண்ணும் கருத்துமா பார்த்துப்பேங்க. தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துவேன்" என்று சொன்னவர்களுக்கு, குடம் குடமாக ஊற்றினாலும் தாங்குகிற சதுப்பு நிலப் புதரைக் கொடுத்தாள். "எனக்கு நேரமே இல்லீங்க, பாதி நாள் மறந்துடுவேன்" என்று தயங்கினவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கோடையில் தூங்குகிற அருமையான கன்றுகளைக் கொடுத்தாள். ஒரு சோம்பேறிக் கல்லூரிப் பெண்ணுக்குக் கிடைத்ததைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

தையல்காரர் கடைசியில் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அக்கா அவரைக் கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய், அடுத்த கோடைக்கென்று சிவப்புத் துணியை மடித்துச் செருகிய பெயிண்ட் டப்பாக் கன்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெட்டின மரத்தின் விதையில் முளைத்தது. முழங்கால் உயரம், அதற்குள் குட்டித் தொப்பை.

"வேண்டாம் மேடம். என் கை ராசியில்லாத கை."

"ராசியாவது ஒண்ணாவது. உங்க கை இளகின கை. அதைக் கட்டிப்போடத் தெரிஞ்சா போதும். பழைய குழியிலேயே நடுங்க."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். தெருவில் போகும்போது யாரோ மேலே இடித்துவிடுவார்கள் என்பது போல ஓரமாகவே நடந்தார்.

லாரி வந்த நாளில் நர்சரியில் செடி என்று ஒன்றும் இல்லை. மண்ணில் வேர் விட்டு நகர்த்த முடியாமல் போன, காய் வெடிக்கிற மரம் மட்டும் நடுவில் நின்றது. தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் எங்க மேடம்?" என்றார். "அகற்றச் சொன்னீங்க. அகற்றிட்டேன்" என்றாள் அக்கா. அந்த ஒற்றை மரத்து நிழலில் வண்டியை நிறுத்த இப்போது லாரி ஓட்டுநர்கள் தினமும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்கும் எனக்குத்தான் போன் வருகிறது.

அக்காவுக்கு நர்சரி போனதில் துக்கம் இல்லை என்று சொன்னால் அது பொய். சில நாள் என் மேசைப் பக்கம் வந்து, மண் ஒட்டாத தன் நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு திடீரென்று எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஊர் முழுக்க இப்போது அவளுக்கு மாடி இருக்கிறது, பால்கனி இருக்கிறது, பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. யார் வீட்டுக் கதவையும் தட்டி, உள்ளே போய் மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, திட்டிவிட்டு வருவாள். தலைவரின் மைத்துனரும் ஒரு செடி வாங்கியிருந்தார், அவர் வீட்டிலும் தட்டினாள்.

அடுத்த கோடையில் ஒருநாள் எனக்கு ஒரு போன் வந்தது. வெளியூரிலிருந்து வந்தவர் போலிருக்கிறது, குரலில் படபடப்பு.

"மேடம், இங்க தையல் கடை முன்னாடி ஒரு சின்ன மரம் காய்ஞ்சு கெடக்குது. பாவமேன்னு பாட்டில் தண்ணியை ஊத்தப் போனேன். கடைக்குள்ளேருந்து ஒருத்தர் கத்தரிக்கோலோட ஓடிவந்து கத்துறாரு. முடிவெட்டுறவர் வேற என் பாட்டிலைப் பிடுங்கிட்டாரு. மரத்துல துணியைக் கட்டி, 'தண்ணி ஊத்தாதே'ன்னு அதுல நூலால தெச்சு வேற வெச்சிருக்காங்க. என்னங்க அநியாயம் இது?"

"மரத்துல ஒரு இலையாவது இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லைங்க. சுத்த மொட்டை."

"அப்ப நல்லா இருக்குங்க" என்றேன். "சும்மா விடுங்க."